புள்ளியில் சேராதவர்களின் காதல் கதை

காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றைக் களமாக வைத்து, இரண்டு ஆண்களின் காதலை நாவலாக எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி முதல் நான்கு அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறீர்கள். வள்ளியப்பன் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் பிள்ளை. சில நாள் ஆணாகவும், சில நாள் பெண்ணாகவும், சில நாள் இரண்டும் இல்லாமலும் தன்னை உணர்கிற நெகிழ்பாலினர். கருப்பையா ஆத்தங்குடியில் பூக்கல் (பூப்போட்ட தரைக்கல்) பட்டறையில் வேலை பார்ப்பவன். உங்கள் கேள்விகள் மூன்று. இப்படி ஒரு கதை செட்டிநாட்டில் நம்பும்படி நடக்குமா? வள்ளியப்பனை அவன் என்பதா, அவள் என்பதா? முடிவு சோகமாகத்தான் இருக்க வேண்டுமா?

நடக்கும். ஆனால் இப்போது உங்கள் பக்கங்களில் இருப்பது சுற்றுலாப் பயணி பார்க்கும் செட்டிநாடு. பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுவர், இலை நிறையப் பலகாரம். எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த வீட்டில் பிறந்த பிள்ளை தூணை நிமிர்ந்து பார்த்து வியக்காது. அதற்குத் தெரிந்ததெல்லாம் யார் எங்கே படுப்பது, எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது, யார் பெயர் எந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது என்பவைதான். உங்கள் கதைக்கு வேண்டிய முரண் முழுவதும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து வில்லன் யாரையும் கொண்டுவர வேண்டியதில்லை.

புள்ளி என்ற ஏற்பாட்டை நீங்கள் தொடவே இல்லை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள். கல்யாணம் முடிந்ததும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி ஆகிறார்கள். கோயில் வரியும் ஊர்ப் பொதுச்செலவும் புள்ளிக் கணக்கில்தான் விழும். கணவரை இழந்த ஆச்சி அரைப்புள்ளி. கல்யாணம் ஆகாத ஆணுக்கு வயது நாற்பதைத் தாண்டினாலும் தனிப்புள்ளி கிடையாது, அவன் அப்பச்சி (அப்பா) புள்ளிக்குள் அடக்கம். அரைப்புள்ளிக்குக்கூட இடம் உள்ள ஏட்டில் வள்ளிக்கு ஒரு வரி இல்லை. யாரும் வள்ளியை அடிக்கவும் வேண்டாம், வீட்டை விட்டு விரட்டவும் வேண்டாம். வரி வசூலிக்க வருபவர் அப்பச்சியிடம் ரசீதைக் கொடுத்துவிட்டு, வள்ளியைப் பார்த்து “எப்பப்பா புள்ளியாகப் போறே?” என்று அன்பாகக் கேட்டுவிட்டுப் போனால் போதும்.

வீட்டின் அமைப்பும் இதே கணக்குத்தான். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று வரிசையாக விவரித்திருக்கிறீர்கள், சரி. வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைகள் யாருக்கு என்பதைச் சொல்லவில்லை. அவை கல்யாணமான மகன்களுக்கு, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்த அறைகள். வேறு வைத்தல் என்று ஒரு வழக்கம் உண்டு. புதிதாக மணமானவர்களை அதே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனி வரவுசெலவு என்று வைப்பார்கள். வெளியூர் வாசகருக்கு அது குடும்பம் உடைவதுபோலத் தெரியும். அங்கே அது பெரியவர்களே முன்நின்று செய்துவைக்கும் நல்ல காரியம், இனிமேல் நீங்கள் ஒரு குடும்பம் என்பதற்கான ஒப்புதல்.

அப்படியானால் வள்ளி எங்கே படுப்பார்? நீங்கள் முதல் அத்தியாயத்திலேயே மாடியில் தாழ்ப்பாள் போட்ட தனியறை கொடுத்துவிட்டீர்கள். தயவுசெய்து பிடுங்கிக்கொள்ளுங்கள். பட்டாலையில் பாய் விரித்துப் படுக்கட்டும். பெட்டி அப்பத்தாவின் அறைக்குள் இருக்கட்டும், சாவி அப்பத்தாவின் இடுப்பில். பெட்டிக்குள் என்ன சேலை, என்ன கண்மை இருக்கிறது என்று அப்பத்தாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வள்ளி பெட்டியைக் கேட்கும் நேரத்தை வைத்தே அவருக்குத் தெரியும். “என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்” என்று வள்ளி உட்கார்ந்து பேசும் நீண்ட காட்சி உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அது வெளிநாட்டுத் தொடர்களில் பார்த்துப் பழகிய காட்சி. இந்த வீட்டில் சொல்லாமலே தெரிந்துவிடும், தெரிந்த பிறகும் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த அமைதி சில சமயம் பாதுகாப்பு, சில சமயம் கொடுமை. இரண்டையும் எழுதுங்கள்.

இன்றைய நிலவரத்தையும் மறக்க வேண்டாம். பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, பிள்ளையார் நோன்பு என்றால்தான் வளவில் விளக்கு எரியும். சில வீடுகள் ஓட்டல் ஆகிவிட்டன, சில படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகின்றன. கதையை ஓட்டும் சக்கரம் இங்கேதான் கிடைக்கிறது. பூர்வீக வீட்டைப் பங்காளிகள் ஓட்டல்காரருக்குக் குத்தகைக்கு விடப் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். அப்பச்சி இறந்திருந்தால் வள்ளியின் கையெழுத்து இல்லாமல் பத்திரம் நகராது. ஊர் ஏட்டில் புள்ளி இல்லாத ஆளுக்குச் சட்டத்தில் பங்கு உண்டு. கணக்கில் சேர்க்காதவரின் கையெழுத்துக்காக முகப்பில் எல்லாரும் காத்திருக்கிறார்கள்! தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும் பெண்பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு சட்டமானது. எனவே “நீ எந்தக் கிழமை எதுவாக இருந்தாலும் உன் பங்கு குறையாது” என்று வக்கீல் அயித்தான் ஒருவர் சொல்லிச் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பில் பாதி கேலி, பாதி பாசம். செட்டிநாட்டு அயித்தான்களுக்கு அந்த விகிதம் நன்றாகத் தெரியும்.

ஒரு பெரிய காட்சிக்கு நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பொங்கலுக்குப் பின்வரும் முதல் செவ்வாய்க்கிழமை, கண்ணாத்தாள் கோயில் முன்னால் புள்ளிக்கு ஒரு பானை என்று வரிசையாக அடுப்பு மூட்டுவார்கள். முதல் பானை யாருடையது என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். வெளிநாடுகளில் இருப்பவர்களும் வந்து சேர்வதால் வரன் பார்ப்பதும் அங்கேயே நடக்கும். புள்ளி என்பது கண்ணெதிரே பானையும் புகையுமாக நிற்கும் இடம் அது. கருப்பையா அங்கே வேன் ஓட்டிக்கொண்டு வந்தவனாக நிற்கட்டும். நாலு பேர் வள்ளியிடம் பெண்ணின் படத்தைக் காட்டும்போது அவன் என்ன செய்கிறான் என்பதில் உங்கள் நாவலின் பாதி இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இது இலக்கணச் சிக்கல்போலத் தோன்றினாலும் கதை சொல்லும் முறையை முடிவு செய்வது இதுதான். தமிழில் தன்மைக்கும் முன்னிலைக்கும் பால் கிடையாது. நான் வந்தேன், நீ வந்தாய் என்பதில் வந்தவர் யாரானாலும் ஒன்றே. படர்க்கைக்குப் போனவுடன் ஒவ்வொரு வினைமுற்றிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வந்தானா, வந்தாளா? நீங்கள் நான்கு அத்தியாயத்திலும் ‘அவன்’ என்று எழுதிவிட்டு, சேலை உடுத்தும் பத்தியில் மட்டும் ‘அவள்’ என்று மாற்றியிருக்கிறீர்கள். இதனால் உடைதான் பாலினம் என்று கதையே சொல்லிவிடுகிறது. வேட்டி கட்டிக்கொண்டு பத்திரப்பதிவு அலுவலகத்தில் நிற்கும் நாளிலும் வள்ளி உள்ளுக்குள் பெண்ணாக இருக்கலாம். அந்த நாளை உங்கள் முறையில் எழுத முடியாது.

வள்ளியின் அத்தியாயங்களைத் தன்மையில் எழுதுவது எளிய வழி. நான் பரிந்துரைப்பது வேறொன்று. முழுக் கதையையும் கருப்பையாவின் வாயால் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துப் பேச்சிலேயே அதற்கான வசதி இருக்கிறது. அவுக வந்தாக, அவுக சொன்னாக. அந்த ‘ஆக’ விகுதிக்கு ஆண் பெண் இல்லை, மரியாதை மட்டும்தான் உண்டு. பூக்கல் பதிக்க வந்த ஆள் வீட்டுக்காரரை ‘அவுக’ என்பது இயல்பு, யாருக்கும் சந்தேகம் வராது. அதே சொல்லைத்தான் அந்த ஊர்ப்பக்கத்துப் பெண்கள் தம் கணவரைக் குறிக்கவும் சொல்கிறார்கள். முதல் அத்தியாயத்தில் முதலாளிக்குக் கொடுத்த மரியாதையாக இருந்த ‘அவுக’, பத்தாம் அத்தியாயத்தில் வேறு சுருதியில் கேட்கும். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் உறவு மாறியதைக் காட்ட இதைவிடக் கச்சிதமான கருவி எனக்குத் தெரியவில்லை. இந்தப் பதிலில் நானும் ‘ஆர்’ விகுதியில்தான் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

பெயரையும் நீங்கள் அறியாமலே நன்றாக வைத்துவிட்டீர்கள். வள்ளியப்பனும் வள்ளியம்மையும் ஐயா, ஆயா (தாத்தா, பாட்டி) பெயர்களாகத் தலைமுறை தலைமுறையாக வருபவை. இரண்டையும் சுருக்கினால் ‘வள்ளி’தான். வீட்டில் யாரும் கொள்கை பேசாமல், பிறந்த நாள் முதல் வள்ளி என்றே கூப்பிட்டிருப்பார்கள். புதுப்பெயர் சூட்டும் அத்தியாயம் தேவையே இல்லை, எடுத்துவிடுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று. கருப்பையா ஆண்களை விரும்பும் ஆண். வள்ளி பெண்ணாக இருக்கும் நாளில் அவனுக்குள் என்ன நடக்கிறது? “அவன் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டான்” என்று ஒரே வரியில் தாண்டியிருக்கிறீர்கள். காதல் நாவலில் அப்படித் தாண்டக்கூடாத இடம் அதுதான். ஊரின் எதிர்ப்பைவிட இது பெரிது, ஏனென்றால் இது இரண்டு பேருக்குள்ளேயே இருக்கிறது. தன்னை யாரோ ‘புருஷன்’ ஆக்குகிறார்கள் என்று கருப்பையா மிரளலாம். தான் ஆணாக இருக்கும் நாளில் மட்டும்தான் இவன் தன்னைத் தொடுகிறான் என்று வள்ளி மனதுக்குள் நாள் எண்ணத் தொடங்கலாம். அந்த எண்ணிக்கை தெரிந்ததும் கருப்பையாவுக்குக் கோபம் வரலாம், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கலாம். மெல்ல மெல்ல அவன் கவனிப்பது, எந்த நாளானாலும் மாறாத சில சங்கதிகளை. காப்பியில் சர்க்கரை போடாதே என்று சொல்லும் எரிச்சல், கணக்குப் பார்க்கும்போது உதட்டைக் கடிப்பது, சண்டையில் முதலில் சிரித்துவிடுவது. இதற்கு ஐந்தாறு அத்தியாயம் கொடுங்கள். வீட்டு வர்ணனையிலிருந்து வெட்டி எடுத்த பக்கங்கள் இங்கே பயன்படும்.

தமிழ் வாசகர்களில் பலர் வள்ளியைத் திருநங்கை என்றுதான் வாசிப்பார்கள். அறுவைச் சிகிச்சை எப்போது, திருநங்கையரின் ஜமாத்தில் எப்போது சேர்வார் என்று காத்திருப்பார்கள். அந்த எதிர்பார்ப்பைத் தவிர்க்காதீர்கள், ஒரு பாத்திரமாக உள்ளே கொண்டுவாருங்கள். காரைக்குடியில் இருக்கும் மூத்த திருநங்கை ஒருவர் வள்ளியைப் பார்த்து, “இன்னுமா கண்ணு முடிவு பண்ணல?” என்று கேட்கட்டும். “இதுதான் முடிவு” என்று வள்ளி சொல்ல, அதை அவர் முழுதாக ஒப்புக்கொள்ளாமல் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். விளக்கக் குறிப்பு எழுத வேண்டிய பாரம் உங்களுக்குக் குறையும்.

கருப்பையாவைப் பற்றி எனக்கு ஒரு கவலை. செட்டியார் வீட்டு வாரிசும் வேலைக்கார இளைஞனும் என்பது நன்றாகத் தேய்ந்த அமைப்பு. உங்கள் பக்கங்களில் அவனுக்குத் தோள் இருக்கிறது, வியர்வை இருக்கிறது, அபிப்பிராயம் இல்லை. அவனுக்குக் கடன் கொடுங்கள், தங்கை கொடுங்கள், வள்ளியின் வர்க்கத்தைப் பற்றிய எரிச்சல் கொடுங்கள். சாதியை வேறு சொல்லால் மூடாதீர்கள். பிடிபட்டால் இருவருக்கும் ஒரே விலை இல்லை. வள்ளி சிங்கப்பூருக்கு விமானம் ஏறலாம், அங்கே ஆண்களின் தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவும் 2023 ஜனவரியில் போய்விட்டது. கருப்பையா மறுநாள் அதே பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

அவன் தொழிலை ஒழுங்காக எழுதினால் பாதிச் சிக்கல் தீரும். பூக்கல் சூளையில் வேகாது, நீங்கள் ‘சுட்ட ஓடு’ என்று எழுதியிருப்பது பிழை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை அச்சுக்குள் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, உலரவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பார்கள். கண்ணாடியைப் பிரித்த பிறகுதான் பூ தெரியும். (இதை வள்ளிக்கு உவமையாக்கும் ஆசை வரும். வேண்டாம்.) சிமெண்டு அவன் விரல்களை அரித்திருக்கும், பட்டுச் சேலை அந்த விரலில் சிக்கும். அதை எழுதுங்கள். பழைய வீட்டுத் தளத்தைப் பெயர்த்துப் புதுக்கல் பதிக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அவனிடம் பூட்டிய வீடு ஒன்றின் சாவியும் இருக்கும். பங்குக்காரப் பிள்ளைக்கு இல்லாத அறை, தளம் போடுகிறவனுக்கு இருக்கிறது. இருவரும் சந்திக்க இடமில்லையே என்று நீங்கள் கதையை மதுரை லாட்ஜுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடியோடு நடக்கும் பாதயாத்திரையும் இருக்கிறது. நாள்கணக்கில் நடை, சத்திரத்தில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கை, கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிடுவது. இரண்டு ஆண்கள் அருகருகே இருப்பதை யாரும் ஏனென்று கேட்காத இடம்.

சில காட்சிகளை நீக்கச் சொல்வேன். பெல்ஜியம் கண்ணாடி முன்னால் அப்பத்தாவின் கண்டாங்கியைக் கட்டிப் பார்க்கும் காட்சி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வகைக் கதை எழுதும் எல்லாரும் முதலில் எழுதுவது அதைத்தான். அர்த்தநாரீசுவரரை ஒரு வரியில்கூடக் கூப்பிடாதீர்கள், கூவாகத்தையும் விட்டுவிடுங்கள். வள்ளிக்கு மரபிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால் மார்கழி இருக்கிறது. திருவெம்பாவை முழுவதும் பெண்களின் குரல், எழுதியவர் மாணிக்கவாசகர். அதை அதிகாலையில் பாடும் ஆணை ஊர் வினோதமாகப் பார்ப்பதில்லை. நகரத்தார் வீடுகளில் ஆண் குழந்தைக்குக் கார்த்திகைச் சூப்பிடிப் புதுமை, பெண் குழந்தைக்கு மார்கழித் திருவாதிரைப் புதுமை என்று தனித்தனிச் சடங்குகள் உண்டு. தனக்குச் சூப்பிடி செய்த அதே வீட்டில் அடுத்த மாதம் ஆச்சிக்கு (அக்காவுக்கு) திருவாதிரை நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை என்று இரண்டு பத்தி எழுதினால், குழந்தைப் பருவம் முழுவதும் வந்துவிடும்.

சட்டத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். திருநர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 ஏப்ரலில். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு வயதுவந்தோரின் விருப்ப உறவுக்குப் பொருந்தாது என்றது 2018 செப்டம்பர் 6-இல். 2019-இல் நிறைவேறிய திருநர் சட்டம் தன் வரையறைக்குள் ஆண் பெண் வகைக்குள் அடங்காதவர்களையும் சேர்த்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் தந்த உத்தரவு, பாலீர்ப்பை ‘மாற்றும் சிகிச்சை’யைத் தடைசெய்யச் சொன்னது. உங்கள் கதையில் சித்தப்பா வள்ளியை மருத்துவரிடம் இழுத்துப்போகும் அத்தியாயத்துக்கு இது தேவைப்படும். தன்பால் திருமணத்துக்கு அங்கீகாரம் கிடையாது என்று 2023 அக்டோபர் 17-இல் தீர்ப்பு வந்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. இத்தனையும் அந்த வக்கீல் அயித்தானுக்குத் தெரிந்திருக்கும். அவர் வாயில் வருவது ஒரே வாக்கியமாக இருக்கட்டும்: “சேர்ந்து இருக்கலாம், கல்யாணம்னு எழுத முடியாது, உயில் எழுதலாம்.”

கடைசிக் கேள்வி. சோக முடிவு வேண்டாம். காதல் நாவல் என்று அட்டையில் போட்டால் வாசகர் நம்பி வருவது இருவரும் சேர்வார்கள் என்றுதான். தற்கொலையிலோ சென்னைக்கு ஓடிப்போவதிலோ முடிக்கும் கதைகள் தமிழில் போதுமான அளவு இருக்கின்றன. உங்கள் வரைவுக் குறிப்பில் இருவரும் பெங்களூருக்குப் போவதாக இருக்கிறது. அது மகிழ்ச்சிதான், ஆனால் செட்டிநாட்டில் தொடங்கிய கணக்கை அங்கே தீர்க்க முடியாது. அப்பத்தா வேறு வைக்கட்டும். தன் அரைப்புள்ளிக்குச் சேர்ந்த அறையையும் ஓர் அடுப்பையும் ஒரு பித்தளைப் பானையையும் வள்ளியிடம் கொடுத்து, “ரெண்டு பேரும் தனியாப் பொங்கித் தின்னுங்க, எனக்கும் ஒரு வாய் கொண்டாங்க” என்று சொல்லட்டும். பங்காளிகளில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். வரி வசூல்காரர் குழம்பட்டும். குத்தகைப் பத்திரத்தில் அந்த ஓர் அறையை நீக்கிவிட்டுத்தான் வள்ளி கையெழுத்துப் போட வேண்டும், அந்தப் பேரத்தில் கருப்பையாவும் உட்கார்ந்து விலை பேச வேண்டும். அவன் கேட்பது அறை மட்டுமாக இருக்கக்கூடாது, ஓட்டல் தளத்தின் வேலை முழுவதும் தன் பட்டறைக்கு என்று கேட்கட்டும்.

அச்சுக்குப் போகுமுன் நகரத்தார் வீட்டு ஆச்சி ஒருவரிடமும், நெகிழ்பாலினராக வாழும் ஒருவரிடமும் பிரதியைக் கொடுத்து, படித்ததற்குப் பணமும் கொடுங்கள். நீங்கள் அப்பாவை ‘அப்பா’ என்றும் அண்ணன் மனைவியை ‘அண்ணி’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே அப்பச்சி, அண்ணமிண்டி. அம்மாவின் அம்மா ஆயா, அப்பாவின் அம்மாதான் அப்பத்தா, இரண்டையும் மூன்றாம் அத்தியாயத்தில் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். கருப்பையா வீட்டில் இந்தச் சொற்கள் எதுவும் வராது, அங்கே அம்மா, அக்கா, அப்பாயிதான். ஐந்தாம் அத்தியாயத்தை எழுதுமுன் இதைத் திருத்திவிடுங்கள்.